ஆள் மாறி முத்தமிட்ட யூதாசு

செங்கோடனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவன் பெயரை நினைத்தாலே என் கை தானாக மேலுதட்டைத் தடவிப் பார்க்கிறது. அவன் யூதாசாக நின்ற கூத்தில் நான் வேலைக்காரி. அந்த வேஷத்துக்காக ஆசை ஆசையாக வளர்த்த மீசையை எடுத்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சென்றாயன். செங்கோடன் எனக்குப் பங்காளி. மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த திண்ணனூர் நாட்டில் எங்கள் இரண்டு பேர் காடும் அடுத்தடுத்து இருந்தன. ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். மரவள்ளியைக் கடப்பாரை இல்லாமல் கையாலேயே பிடுங்குவான். சில சமயம் கிழங்கோடு பக்கத்துப் பாறையும் பெயர்ந்து வந்துவிடும். ஆனால் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்க யாராலும் முடியாது. பெண்பிள்ளை யாராவது எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கிச் சாமைக் காட்டுக்குள் போய் நின்றுகொள்வான். சாமைப் பயிர் அவன் தொடைக்குக்கூட எட்டாது. ஆனாலும் ஒளிந்துவிட்டதாக அவனுக்கு நினைப்பு.

இப்படிப்பட்டவனுக்குத் தாய்மாமன் காளியண்ணன் தன் மகள் பொன்னாயியைக் கொடுக்கச் சம்மதித்து, வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. வைகாசியில் கல்யாணம். பொன்னாயி பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் இரண்டு முறை வெற்றிலை போட்டு முடித்துவிடலாம். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிக்கொள்வாள் என்று ஊர் நிம்மதியாக இருந்தது.

அறுபதாம் வருஷத்துக்குக் கொஞ்சம் முந்தி நடந்தது இது. அப்போது முள்ளுக்குறிச்சியிலிருந்து உபதேசியார் மாணிக்கம் கால்நடையாக மலை ஏறி வந்து எங்களுக்கு வேதக் கதைகள் சொல்லுவார். ஒல்லியான மனிதர். பாதையில் காற்றடித்தால் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நாங்கள் எங்கள் சாமியை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் கதை யாருக்குக் கசக்கும்? ஒரே ஒரு சிக்கல்தான். எங்கள் ஆட்களுக்குக் கதையைக் கேட்டுவிட்டுச் சும்மா எழுந்து போகத் தெரியாது. அதைப் பஞ்சாயத்தில் வைத்துத் தீர்த்தாக வேண்டும்.

பேய்கள் ஒரு மனிதனை விட்டுப் பன்றிக் கூட்டத்துக்குள் புகுந்தன, பன்றிகள் அத்தனையும் கடலில் பாய்ந்து செத்தன என்று உபதேசியார் ஒருநாள் உருக்கமாகச் சொன்னார். பேய் நீங்கியவன் எப்படி இருக்கிறான் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. "ஏனுங்க, அந்தப் பன்னிக்காரன் என்னங்க பாவம் பண்ணுனான்?" என்று எங்கள் ஊர்ப் பாப்பாயி கேட்டாள். அன்றைக்கு மிச்ச நேரமெல்லாம் பன்றிக்காரனுக்குத்தான் நியாயம் பேசினோம். குள்ளமான சகேயு மரத்தில் ஏறி எட்டிப் பார்த்த கதை வந்தபோது, அது யார் காட்டு மரம், அதில் மிளகுக் கொடி படர்ந்திருந்ததா, கேட்டுவிட்டு ஏறினானா என்று கிளறினார்கள். ஊதாரி மகன் வீடு திரும்பிய கதையில் ஊரே, வீட்டோடு இருந்து உழைத்த மூத்த மகன் கட்சி.

நொந்துபோன உபதேசியார், சொன்னால்தானே கேள்வி கேட்கிறார்கள், நடித்துக் காட்டிவிடலாம் என்று ஒரு சின்ன நாடகத்துக்கு ஏற்பாடு செய்தார். இயேசு பிடிபட்டுச் சிலுவையில் மாண்டு உயிர்த்தெழும் கதை. நாடகம் என்று அவர் சொன்னது எங்கள் ஊர் வாயில் நுழைந்ததும் கூத்தாகிவிட்டது. மத்தளம் வந்தது, திரை வந்தது, கூடவே காப்பும் வந்தது.

இந்தக் காப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம். எங்களில் வேஷம் கட்டுகிறவன் கையில் ஊர்க்கவுண்டர் மஞ்சள் கயிறு கட்டுவார். கட்டிய நிமிஷத்திலிருந்து அவனுக்கு வேஷத்தின் பெயர்தான், வேஷத்தின் மரியாதைதான். கூத்து முடிந்து எல்லோரும் சபையில் வந்து நிற்க, கவுண்டர் கயிற்றை அறுத்த பிறகுதான் அவன் பழையபடி எங்கள் ஆள். சபையில் அறுக்காத காப்பு, வீட்டில் கத்தியை வைத்து வெட்டினாலும் அறுந்ததாகக் கணக்கில்லை.

உபதேசியாரே இயேசுவாக நின்றார். சீடர்களில் பேதுரு வேஷம் காளியண்ணன் மாமனுக்கு. பேதுரு முன்கோபி, யோசிக்காமல் வாளை உருவி ஒருவன் காதை வெட்டியவர் என்று கேட்டதும், "அது நம்மாளுதான்" என்று மாமன் அந்த வேஷத்தை வாங்கிக்கொண்டார். யூதாசு வேஷத்துக்கு மட்டும் ஒரு ஆளும் வரவில்லை. கூடவே உட்கார்ந்து தின்றுவிட்டுக் காட்டிக்கொடுத்தவன் பெயரை யார் சுமப்பார்கள்? செங்கோடன் மாட்டைக் கட்டிவிட்டுக் கடைசியாக வந்தான். வேண்டாம் என்று சொல்வதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே, அதனால் கையை நீட்டிவிட்டான்.

பெட்ரோமாக்ஸ் விளக்கு உடைந்துபோனதால் கூத்தைப் பட்டப்பகலில் ஆடினோம். திரையை விலக்கும் முன்பே உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று வெயில் காட்டிக்கொடுத்துவிட்டது. நான் சேலை கட்டி, மழித்த முகத்தோடு ஓரமாக நின்றேன். இயேசு பிடிபட்ட பிறகு பேதுருவைப் பார்த்து, "நீயும் அந்த ஆளோடு இருந்தவன்தானே?" என்று மூன்று தடவை கேட்க வேண்டும். பேதுரு மூன்று தடவையும் தெரியாது என்பார். உடனே சேவல் கூவும். கூவுவதற்கென்று ஒரு சேவலைக் கூடையில் கவிழ்த்து வைத்திருந்தோம்.

முதலில் யூதாசு வர வேண்டும். இயேசு யார் என்று சேவகர்களுக்கு அடையாளம் காட்ட அவரை முத்தமிட வேண்டும். ஆம்பிளைக்கு ஆம்பிளை முத்தமா என்று நினைத்தே செங்கோடன் தூக்கம் பிடிக்காமல் கிடந்தான். சபையில் நாடே திரண்டிருந்தது. முன்வரிசையில் பொன்னாயி. அவளைப் பார்த்ததும் இவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். மூடிய கண்ணோடு விறுவிறுவென்று வந்தான். உபதேசியார் ஒல்லி என்று சொன்னேன் அல்லவா, அவர் இருந்த இடத்தை இவன் கை துழாவித் தாண்டிப் போய்விட்டது. பக்கத்தில் நின்ற காளியண்ணன் மாமனைக் கட்டிப் பிடித்து, கன்னத்தில் பச்சென்று ஒரு முத்தம் கொடுத்தான்.

பெண் கொடுக்கப் போகும் மாமன் எதிரே மருமகன் துண்டைத் தோளில்கூடப் போடாத ஊர் எங்களுடையது.

சேவகர்களாக நின்ற நாலு பயல்களுக்கும் ஒன்றுதான் சொல்லியிருந்தது: யாரை முத்தமிடுகிறானோ அவரைப் பிடித்துக் கட்டுங்கள். அவர்கள் சொன்ன சொல் தவறாதவர்கள். மாமனைக் கீழே தள்ளிக் கயிற்றால் கட்டினார்கள். மாமன் திமிறத் திமிற, வேஷம் நன்றாக இருக்கிறது என்று இன்னும் இறுக்கினார்கள். உபதேசியார், "ஐயா, நான்தான் இயேசு, என்னைப் பிடியுங்கள்" என்று ஒவ்வொரு சேவகனிடமாகப் போய்க் கெஞ்சினார்.

இனிமேல் என் முறை வராது என்று எனக்குப் புரிந்தது. மீசை கொடுத்தவன் நான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கட்டுண்டு கிடந்த மாமன் முகத்துக்கு நேரே குனிந்து, "நீயும் அந்த ஆளோடு இருந்தவன்தானே?" என்றேன்.

"எனக்கு எவனையுந் தெரியாது. கயித்தை அவுருங்கடா" என்றார் மாமன்.

அது பேதுரு சொன்னதா, மாமன் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மிச்ச இரண்டு தடவை கேட்க என்னை விடவில்லை. சேவலும் கூவவில்லை. கடைசியில் உபதேசியாரே திரைக்குப் பின்னால் போய்க் கூவிவிட்டு வந்து சிலுவையில் நின்றார்.

இத்தனை அமளியில் செங்கோடனைக் காணோம். யூதாசு நாண்டுகொண்டு சாகும் காட்சிக்குப் பலாமரத்தில் கயிறு ஆடிக்கொண்டிருந்தது, ஆளில்லை. வெட்கம் தாங்காமல் மிளகுத் தோட்டத்துக்குள் புகுந்து ஓடிவிட்டான். இயேசு உயிர்த்தெழுந்தார், எல்லோரும் சபையில் நின்றோம், கவுண்டர் காப்பு அறுத்தார். எல்லோர் கையும் வெறுங்கையானது, செங்கோடன் கையைத் தவிர.

மறுநாளே மாமன் சொல்லி அனுப்பிவிட்டார்: "காப்பு அறுக்கலே. அவன் இன்னும் யூதாசுதான். யூதாசுக்கு எம்புள்ளையக் கொடுக்க மாட்டேன்." உள்ளே எரிந்தது முத்தம்தான் என்று ஊருக்கே தெரியும். ஆனால் வெளியே சொன்ன காரணத்தில் யாராலும் குற்றம் காண முடியவில்லை. முறை அப்படித்தான்.

அடுத்த வாரம் ஒரு காதுகுத்து விருந்தில் செங்கோடன் பக்கத்தில் உட்கார யாருக்கும் மனம் வரவில்லை. கூட உட்கார்ந்து தின்றுவிட்டுக் காட்டிக்கொடுப்பவன் அல்லவா. இரண்டு பக்கமும் வெற்று இலைகளோடு அவன் தனியாகத் தின்றான். பாதியில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டான். அவன் சோற்றை மிச்சம் வைத்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மீசைக் கோபம் அந்த நேரத்துக்கு எனக்கு மறந்துபோனது. இந்தப் பெண் கிடைக்காவிட்டால் இவன் உடைந்துபோவான் என்று அப்போதுதான் பயந்தேன்.

அதனால் நான்தான் கவுண்டரிடம் போய் முறையிட்டேன். மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. செங்கோடன் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். உபதேசியாரையும் வரவழைத்திருந்தார்கள்.

"ஏனுங்க, அந்த யூதாசுக்கு அப்பறம் என்னாச்சுங்க? எதாச்சும் விமோசனம் உண்டுங்களா?" என்று கவுண்டர் கேட்டார்.

உபதேசியார் கண்ணாடியைத் துடைத்தார். "இல்லீங்க. செத்துப்போனான். அதோட முடிஞ்சுது."

"தெரியாதுன்னு சொன்னாரே பேதுரு, அவருக்கு?"

"அவருக்கு உண்டுங்க. உயிர்த்தெழுந்த பொறவு ஆண்டவரு ஏரிக்கரையில மீன் சுட்டு வெச்சுக்கிட்டு அவரைக் கூப்பிட்டாரு. என்மேல அன்பா இருக்கறயான்னு கேட்டாரு. மூணு தடவ தெரியாதுன்னாருல்லீங்களா, அதுக்கு மூணு தடவ கேட்டாரு. மூணாந் தடவ பேதுருக்கு மனசு நொந்துபோச்சு. ஆனா சொல்லிட்டாரு. எல்லாஞ் செரியாப் போச்சு."

கூட்டம் சலசலத்தது. இந்தக் கதையை எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை. கவுண்டர் உபதேசியாரைக் கோபமாகப் பார்த்தார். "அப்ப கூத்தை முடிக்காமயே எங்களை எந்திரிக்க வெச்சுப்போட்டீங்க. பாக்கி ஆட்டத்தை இப்ப ஆடோணும். முத்தத்துல ஆரம்பிச்ச தப்பு, அன்புல முடியட்டும். பேதுருக்குக் கெடச்ச வழி இவனுக்குங் கெடைக்கட்டும், இவங்கிட்ட அந்த மூணு கேள்வி கேளுங்க. பதில் சொன்னான்னா நானே காப்பை அறுக்கறேன்."

"ஆரு கேக்கறது?" என்றார் காளியண்ணன் மாமன். "நானு கேக்க மாட்டேன். எங்கிட்ட அவன் காட்டுன அன்பு போதும்."

"நானு கேக்கறேனுங்க" என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. பொன்னாயி எழுந்து வந்தாள். ஊர்க் கூட்டத்தில் பெண் எழுந்து நடுவில் வருவது வழக்கமில்லை. அவளைத் தடுக்கும் தைரியமும் யாருக்கும் வழக்கமில்லை. செங்கோடன் சாமைக் காட்டைத் தேடினான். அங்கே கல்தளம்தான் இருந்தது.

"ஏனுங்க மச்சான், உங்களுக்கு என்னையப் புடிக்குமா?"

செங்கோடன் தலையை ஆட்டினான்.

"தலையாட்டறது மாடு. வாயில சொல்லோணும்" என்றார் கவுண்டர்.

"ம்... புடிக்கும்" என்றான். முதல் வரிசைக்குத்தான் கேட்டது. பின்வரிசைக்கு நான் உரக்கச் சொல்லிக் கடத்தினேன்.

"உங்களுக்கு என்னையப் புடிக்குமா?"

"புடிக்கும்." இது எல்லோருக்கும் கேட்டது. நெற்றியில் வேர்வை வழிந்தது. கதையில் வருகிற பேதுருவுக்காவது எதிரே ஒருவர்தான் இருந்தார். இவனைச் சுற்றி நாடே உட்கார்ந்திருந்தது.

பொன்னாயி கொஞ்சம் பக்கத்தில் வந்தாள். குரல் இறங்கியிருந்தது. "மச்சான், உங்களுக்கு என்னையப் புடிக்குமா?"

செங்கோடன் நிமிர்ந்தான். அவன் கண்ணில் நீர் நின்றது. அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"தை மாசத்துலருந்து உங்கூட்டுப் பக்கமாத்தான் மாட்டை ஓட்டிட்டு வாரேன். அந்தப் பக்கம் ஒரு புல்லுக் கெடயாது, வெறும் பாறை. மாடெல்லாம் எலும்பாப் போச்சு. நீ தெனமும் வாசல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருக்கறே. உனக்குத் தெரியும். எல்லாந் தெரிஞ்சுக்கிட்டு ஏம்புள்ள திரும்பத் திரும்பக் கேக்கறே?"

உபதேசியார் எழுந்து நின்றுவிட்டார். கதையிலும் பேதுரு கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னாராம், மாடு மட்டும்தான் இல்லையாம்.

"எனக்குத் தெரியும்" என்றாள் பொன்னாயி. அவளும் அழுதுகொண்டிருந்தாள். "எங்கப்பனுக்குத் தெரியோணுமில்ல."

கவுண்டர் கத்தியோடு எழுந்தார். காளியண்ணன் மாமன் அவர் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டு செங்கோடன் எதிரே போய் நின்றார். எனக்குத் திக்கென்றது. பேதுரு காது வெட்டியவர் அல்லவா.

"என்னைய எதுக்குடா முத்தங் கொடுத்தே?"

"கண்ணை மூடிட்டேனுங்க மாமா. முன்னாடி அவ உக்காந்திருந்தா."

மாமன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிப் பார்த்தார். தோள் குலுங்கியது. பிறகு காப்பை அறுத்துவிட்டு, சட்டென்று அவன் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்து, "இப்ப கணக்குத் தீந்துது" என்றார். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன், மீசையில்லாமல்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மறுவாரத்திலிருந்து அவன் மாடுகள் புல் இருக்கிற பக்கம் மேயப் போயின.