கேட்பது யார், யார் காதில் விழும்

என்னோடு வேலை பார்த்த வெள்ளிங்கிரி போய்விட்டார் என்ற செய்தியை, அதே கம்பெனியில் இருந்த சந்திரன்தான் சொன்னார். போன வாரம் ஒரு காலை, கோத்தகிரிப் பக்கம் மழை பிடித்திருந்ததால் ஃபோன் விட்டு விட்டுக் கேட்டது. "ஏனுங்க, நம்ம வெள்ளிங்கிரி தவறிட்டாருங்க." அன்னூரில் தங்கை வீட்டில், தூக்கத்திலேயே. நான் உடனே வருத்தப்படக்கூட இல்லை. "யாருங்க சொன்னாங்க? நேர்ல பாத்தவங்களா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது வெள்ளிங்கிரி கேட்கிற கேள்வியாயிற்றே என்று உறைத்தது. அழுகை அப்போதுதான் வந்தது.

குன்னூர் அலுவலகத்தில் அவரோடு இருந்தவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. மற்றவர்களுக்காக: தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. மூன்று ஃபேக்டரி வைத்திருந்த ஒரு சின்னக் கம்பெனியில் நான் விற்பனை, அவர் நெட்வொர்க். தலையில் குல்லா, வாயில் கேள்வி, இரண்டும் எந்நேரமும் இருக்கும். கேண்டீன் டீ மட்டும் ஏன் சகிக்கவில்லை என்று ஒரு வாரம் ஆராய்ந்தார். தேயிலை ஏலம் விடுகிறவர் ஏன் மூச்சு வாங்குவதில்லை என்று அவரிடமே போய்க் கேட்டார். "சும்மா, தெரிஞ்சுக்கலாம்னுதாங்க" என்பார். அவர் மேசைக்குப் போனால் போன காரியம் மறந்துவிடும்.

ஒவ்வொரு ஃபேக்டரியிலும் ஒரு ரவுட்டர் இருந்தது. மூட்டை கட்டி எடை போடப் போட, அந்த விவரம் பூட்டப்பட்டு ரேடியோ வழியாக மலை உச்சிக் கோபுரம் ஏறி குன்னூருக்கு வரும். ரவுட்டர் நலமாக இருக்கிறதா, எவ்வளவு விவரம் அதன் வழியே போயிருக்கிறது என்று வெள்ளிங்கிரியின் கம்ப்யூட்டர் நிமிடத்துக்கு ஒருமுறை விசாரிக்கும், அது பதில் சொல்லும். எஸ்.என்.எம்.பி. என்று அதற்குப் பெயர். விசாரிப்பவர் ஓர் அடையாளச் சொல் சொல்ல வேண்டும். ரவுட்டர் செய்கிற கம்பெனிக்காரன் போட்டு அனுப்புகிற சொல் 'பப்ளிக்'. உலகம் முழுக்க அதே சொல்தான், பாதிப் பேர் அதை மாற்றுவதே இல்லை என்று சொல்லிச் சொல்லி அவர் சிரிப்பார்.

சிரிப்பு நின்ற காலம் ஒன்று வந்தது. ஏலத்துக்கு முன்பே, கட்டபெட்டு ஃபேக்டரியில் எவ்வளவு சரக்கு சேர்ந்திருக்கிறது என்று வாங்குகிறவர்களுக்குத் தெரிந்துபோனது. "கட்டபெட்டு நேத்து நல்லா ஓடுச்சாட்ட இருக்குது?" என்று என்னிடமே ஒருவர் கேட்டார். நிறையச் சரக்கு வருகிறது என்று தெரிந்தால் யார் விலை ஏற்றுவார்கள்? மேனேஜருக்குச் சந்தேகம் அங்கே டீ மேக்கராக இருந்த சந்திரன் மேல் விழுந்தது. தயாரிப்பு முழுதும் அவர் கையில், ஆள் வேறு எல்லோரிடமும் பேசுகிறவர். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும், இந்தப் பெயரோடு வேறு எந்த ஃபேக்டரியும் சேர்க்காது. அவருக்கு இரண்டு பெண்கள், இரண்டும் பள்ளிக்கூடத்தில்.

வெள்ளிங்கிரிக்கு மட்டும் வேறொரு சந்தேகம். ரவுட்டரின் பதிவைப் பார்த்தால், அவரைத் தவிர வேறு யாரோ அதனிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். 'பப்ளிக்' என்று சொன்ன யாருக்கும் அது பதில் சொல்லியிருந்தது. எவ்வளவு விவரம் போனது என்று தெரிந்தால், எவ்வளவு மூட்டை என்று ஊகித்துவிடலாம். சொல்லை மாற்றுவோம் என்றார். என்ன சொல் என்று மேனேஜர் அறையில் ஒரு கூட்டமே நடந்து, கடைசியில் ஏகமனதாக 'பெக்கோ' என்று முடிவானது. குன்னூரில், தேயிலைக் கம்பெனியில், ரகசியச் சொல் தேயிலை ரகத்தின் பெயர்! எங்களைத் தவிர யாருக்கும் இந்த யோசனை தோன்றாது. அடுத்த நாளே அந்த யாரோ 'பெக்கோ' என்று சொல்லி விசாரித்திருந்தார்கள். வெள்ளிங்கிரிக்கு ஒரே குஷி. "ஊகிக்கக்கூட வேண்டாமுங்க. நாம கேக்கறப்பவே அந்தச் சொல்லு ஊரறியக் காத்துல போகுது" என்றார்.

அப்போதுதான் எஸ்.என்.எம்.பி.யில் மூன்றாம் பதிப்பு என்று ஒன்று வந்திருந்தது. அதில் மூன்று படி. முதல் படியில் பெயர் சொன்னால் போதும், யாரும் நிரூபிக்க வேண்டாம். இரண்டாவதில், கேட்பவர் அவரேதானா என்று ரவுட்டர் சரிபார்க்கும், ஆனால் பேச்சு திறந்தபடியே போகும். மூன்றாவதில் ஆளையும் சரிபார்க்கும், பேச்சையும் பூட்டி அனுப்பும். இந்த எல்லாவற்றையும் அவர் இரண்டே கேள்வியில் அடக்கிவிட்டார்: "கேக்கறது யாரு? யாரு காதுல விழும்?"

கட்டபெட்டு ரவுட்டர் கிழடு. பூட்டுகிற வேலையைக் கொடுத்தால் மூச்சு முட்டும் என்று முதலில் இரண்டாம் படியை வைத்தார். அந்நியர் விசாரணை அன்றோடு நின்றது. ஆனால் ஏலத்தில் அதே கதைதான். மேனேஜருக்கு இது போதுமானதாகிவிட்டது. மிஷின் வாயை அடைத்தாயிற்று, அப்புறமும் சேதி போகிறது என்றால் ஆள்தானே? திங்கள்கிழமை சந்திரனை நிறுத்திவிடுவதாக ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார். வெள்ளிங்கிரி ஒரு நாள் பொறுக்கச் சொன்னார். திங்கள் ஏலம் முடியட்டும், அதன் பிறகு உங்கள் இஷ்டம் என்றார்.

இலைக்கு விலையில்லாமல் தோட்டக்காரர்கள் பறிப்பையே குறைத்திருந்ததால் அந்த ஞாயிறு ஃபேக்டரி பூட்டிக் கிடந்தது. சந்திரன் மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். என்னைக் கூட்டிக்கொண்டு வெள்ளிங்கிரி கட்டபெட்டு போனார். இலை வாட்டும் தொட்டிகள் காலியாக, குளிர் எலும்பில் ஏறியது. கம்ப்யூட்டரைப் போட்டு, தங்கை மகளின் காதுகுத்துப் படங்களைக் குன்னூருக்கு அனுப்ப ஆரம்பித்தார், அனுப்பியதையே திரும்பத் திரும்ப. பொழுது போக வேண்டுமே, ஒவ்வொரு படத்துக்கும் எனக்கு விளக்கம் வேறு. தாய்மாமன் மடியில் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது, மாமன்தான் கண்ணை இறுக மூடியிருந்தார். "குத்தற சத்தம் எனக்குக் கேட்டுதுங்க" என்றார். சாயங்காலம் வரை அந்தக் காதுகுத்து மலை ஏறி இறங்கியது.

திங்கள்கிழமை ஏலத்தில், முன்பு கட்டபெட்டு பற்றிக் கேட்ட அதே மனிதர் என் பக்கம் சாய்ந்தார். "ஞாயித்துக்கெழமைகூட கட்டபெட்டுல மிஷினு நிக்கலையாட்ட இருக்குதுங்க?"

நான் கையிலிருந்த டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். பூட்டிய ஃபேக்டரியை ஓடியது என்று எந்த மனிதனும் சொல்லியிருக்க முடியாது. ரவுட்டர் சொன்ன பதிலைத்தான் வழியில் யாரோ கேட்டு, காதுகுத்துப் படங்கள் போன அளவை மூட்டைக் கணக்கு என்று நினைத்திருக்கிறார்கள். கோபுரத்தைப் பல கம்பெனிகள் பங்குபோட்டுப் பயன்படுத்தின, அங்கே கேட்ட காது யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. அன்றைக்கே வெள்ளிங்கிரி மூன்றாம் படிக்கு மாற்றினார். கிழட்டு ரவுட்டருக்குச் சிரமம் வேண்டாமென்று, நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டதை அரைமணிக்கு ஒருமுறை ஆக்கினார். சேதி போவது நின்றது, சந்திரன் வேலையும் தப்பியது. பேச்சைப் பூட்டினாலும் பேசுகிறோம் என்பது தெரியுமே, அதை என்ன செய்வது என்று அதன் பிறகு ஒரு மாதம் யோசித்துக்கொண்டிருந்தார். மேனேஜரிடமும் என்னிடமும் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார், சந்தேகப்பட்ட விஷயம் சந்திரன் காதில் விழக்கூடாது என்று. நாங்களும் காப்பாற்றினோம்.

அன்னூரில் காரியமெல்லாம் முடிந்து, டீக்கடையில் நானும் சந்திரனும் நின்றோம். இனி மறைத்து என்ன என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, தெரியும் என்றார். அந்த வெள்ளிக்கிழமையே வெள்ளிங்கிரி பஸ் ஏறி அவர் குவார்ட்டர்ஸுக்கு வந்திருக்கிறார்.

"'உங்க மேல சந்தேகப்படறாங்க, நான் படலீங்க. ஞாயித்துக்கெழமை நாலு பேரு கண்ணுல படற எடத்துல இருங்க'ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. எனக்கு அந்தக் கல்யாணத்துக்குப் பத்திரிகைகூட வெக்கலீங்க. போயி முன்வரிசையில உக்காந்துட்டேன். எனக்குத் தெரியும்னு உங்க யாருக்கும் தெரிய வேண்டாம்னு அவருதான் சொன்னாரு. நீங்கெல்லாம் சங்கடப்படுவீங்களாம்."

இத்தனை வருடம் நான் அவரிடமிருந்து மறைத்தேன், அவர் என்னிடமிருந்து மறைத்தார். நடுவில் வெள்ளிங்கிரி இரண்டு பக்கமும் பூட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் கேண்டீன் டீயை ஆராய்ந்துகொண்டிருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது, திட்டுவதற்கு ஆள் இல்லை.

கேட்பது யார், யார் காதில் விழும் என்ற இரண்டு கேள்வியையும் அவரிடமிருந்து எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டேன். மூன்றாவதாக ஒன்று அவரிடம் இருந்ததை அன்னூரில்தான் அறிந்தேன்: யார் காதில் விழுந்தே ஆக வேண்டும்? அதற்காகத்தான் அந்த வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் போயிருக்கிறார். இனி அதையும் நான் வைத்துக்கொள்கிறேன்.