விளம்பரத்தில் பேசிய சித்தி

என் சித்தியை உங்களுக்குத் தெரியாது, ஆனால் அவள் குரலைக் கேட்டிருப்பீர்கள். பேங்குக்கு ஃபோன் போட்டால் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று நம் பொறுமையைச் சோதிப்பவள் அவள்தான். சோப்பு, சமையல் எண்ணெய், கொசுவத்தி, கார்ட்டூன் அணில் எல்லாமே அவள் தொண்டையிலிருந்து வந்தவை. காலையில் கிழவியாக இருமுவாள், மத்தியானம் பள்ளிக்கூடப் பிள்ளையாகச் சிணுங்குவாள்.

அவளுடைய முதல் ரசிகை என் அம்மா, அவளுக்கு அக்கா. சமையலறை ரேடியோவில் தங்கையின் குரல் வந்தால் போதும், அம்மா அடுப்பைத் தணித்துவிடுவாள். "சும்மா இரு, அவ வர்றா" என்று என் வாயையும் அடைப்பாள்.

அம்மா லேசில் ஏமாறுகிற ரகம் இல்லை. ஆயுசு பூராவும் ஜவுளிக்கடையில் நின்று, "சாயம் போகாதும்மா, நான் கேரண்டி" என்று துணி விற்றவள். டி.வி.யில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஒருவன் மூட்டுவலித் தைலம் விற்றால், "இவன் டாக்டர்னா நான் மகாராணி" என்பாள். குடும்ப வாட்ஸப் குரூப்பில் யாராவது புற்றுநோய்க்கு எலுமிச்சைச் சாறு என்று அனுப்பினால் தொலைந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி, யார் பார்த்தது, எத்தனை பேருக்குக் குணமாச்சு என்று கேட்டுக் கேட்டே அவர்களை குரூப்பை விட்டு ஓட வைப்பாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் இது நடந்தது.

சர்க்கரை நோய்க்கு ஏதோ ஒரு பொடி. அதற்கு விளம்பரம் பேசச் சித்தியைக் கூப்பிட்டார்கள். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை, ஒரு மைக், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர். கையில் கொடுத்த தாளில், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல நாலு வரி. "அக்கா, நான் சொன்னா கேளுங்க. இந்தப் பொடியைக் குடிங்க. ஊசியைத் தூக்கிப் போடுங்க" என்று போகும். சித்தி பேசியது மேனேஜருக்குப் பிடிக்கவில்லை.

"நாடகம் மாதிரி இருக்கும்மா. உங்களுக்கு வேண்டப்பட்டவங்க யாரையாவது நெனச்சுக்கிட்டுப் பேசுங்க."

சித்தி என் அம்மாவை நினைத்துக்கொண்டாள். "அக்கா, நான் சொன்னா கேளு" என்று வந்தது. மேனேஜர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார். இதெல்லாம் பின்னால் சித்தியே அழுதுகொண்டு சொன்னது.

பொடி புளுகு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. "கொசுவத்திக்கும்தான் பேசினேன், எங்க வீட்டுல கொசு போச்சா?" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். தொழில் அப்படியாம். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கொசுவத்தியும் இன்சுலினும் ஒன்றா?

தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிற அம்மா, ரேடியோவில் அந்த விளம்பரத்தைக் கேட்டதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊசி போட்டுக்கொண்டாயா என்று கேட்டால் "போட்டாச்சு, போட்டாச்சு" என்பாள். துணி விற்ற வாயாயிற்றே, எனக்குச் சந்தேகமே வரவில்லை. அம்மாவின் காலில் செருப்பு கடித்த புண் ஆறாமல் கறுத்த பிறகுதான் ஃபிரிட்ஜைக் குடைந்தேன். மருந்துக் குப்பிகள் பிரிக்காமலே இருந்தன. அவற்றுக்குப் பின்னால் பாதி காலியான பொடி டப்பா.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, காலை எடுத்தாலும் பலன் இருக்காது என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனபோது சித்தி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்க்கா இப்படிச் செஞ்ச? எந்த விளம்பரத்தையும் நம்ப மாட்டியே நீ!"

"விளம்பரத்தை எவ நம்பினா? உன்னை நம்பினேன்டி." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "சின்ன வயசுலேர்ந்து பார்க்கிறேன். பொய் சொல்றதுக்கு முன்னாடி நீ எச்சில் முழுங்குவ. களுக்குனு கேக்கும். சோப்பு, எண்ணெய்க்கெல்லாம் உன் குரலைக் கேட்டதோட சரி, களுக்குனு வருதான்னு பார்த்ததில்ல. இது உசுரு சமாச்சாரமாச்சே. ரேடியோவுல வர்றப்பல்லாம் காதை வச்சுக் கேட்டேன். ஒரு தடவைகூட நீ முழுங்கலையே."

சித்தி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"முழுங்கினேன்க்கா. ஊசியைத் தூக்கிப் போடுன்னு சொல்றதுக்கு முன்னாடி முழுங்கினேன். எடிட்டிங்ல அதை எடுத்துடுவாங்க. மூச்சு, எச்சில், இருமல் எதையும் விட்டுவைக்க மாட்டாங்க. எல்லா விளம்பரத்துக்கும் அப்படித்தான்."

"வெட்டிடுவாங்களா?" என்றாள் அம்மா. கோபமே இல்லை. ஆயுசு பூராவும் எல்லாரையும் குறுக்குக் கேள்வி கேட்டவளுக்கு, இதைக் கேட்கத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? அந்த அறைக்குள் அவள் போனதே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா தங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"டாக்டர் என்னமோ சொல்லியிருக்காரு. இவளைக் கேட்டா மழுப்புவா. நீ சொல்லு. நான் வீட்டுக்கு வருவேனா?"

'நீ வருவே'ன்னு சொல்லுங்க சித்தி என்று நான் அம்மாவின் தலைமாட்டில் நின்று ஜாடை காட்டினேன். கெஞ்சினேன். சித்தி வாயைத் திறந்தாள். அம்மா அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தி வாயை மூடிக்கொண்டாள்.

"சரி, விடு" என்றாள் அம்மா. "அழாத. தொண்டை கட்டிக்கும்."