வெள்ளவத்தை இடியப்பமும் வீட்டில் இல்லாத டாக்டரும்

சென்ற மாசியில் நான் கொழும்புக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. யாழ்ப்பாணத்தில் நான் தாவரவியல் படிப்பித்த பாடசாலையில் மேல்வகுப்புகளை மூடுகிறார்கள். "கீழ்வகுப்புக்குத் தையல் சொல்லிக் குடுக்கலாமே" என்றார் முகாமையாளர். அதற்காக நான் சென்னையில் பட்டம் பெறவில்லை. கொழும்பில் ஒரு பெண்கள் கல்லூரி தாவரவியலுக்கு ஆள் தேடியது, விண்ணப்பித்தேன். "விண்ணப்பம் மட்டும் காணாது. அந்தக் கல்லூரிக் கமிட்டி ஆக்களைப் போய்க் காணும். உம்மை அங்கை ஆருக்குத் தெரியும்?" என்றாள் உடன் படிப்பிக்கும் சிநேகிதி.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. என்னைப் பற்றி நானே சொல்லவேண்டி வந்தால், நாற்பத்தெட்டு வயதிலும் பேச்சை மாற்றிவிடுவேன். ஆனால் சனிக்கிழமை கமிட்டி கூடுகிறது. தையல் ஊசியை நினைத்துக்கொண்டு இரவுத் தபால் வண்டியில் ஏறினேன். (பெண்கள் பெட்டி ஜன்னலோரம் வேண்டுமானால் முன்னதாகப் போய்விடுங்கள்.)

சிநேகிதி சொற்படி விசிட்டிங் கார்டு அச்சடித்திருந்தேன். துரைமார் வழக்கம் ஒன்றுண்டாம். வாசல் கேற்றில் தொங்கும் பெட்டியில் கார்டைப் போட்டுவிட்டுத் திரும்பலாம். ஆளைக் காணாமலே கண்டதாகிவிடும். இவ்வளவு புத்தியை ஆங்கிலேயர் வேறெதிலும் காட்டியதில்லை என்று நினைத்தேன்.

வியாழன் காலை கோட்டையிலிருந்து கடற்கரை ரயில் பிடித்து வெள்ளவத்தையில் இறங்கினேன். ஐந்து மைல், கால் மணி நேரம். நிலையத்திலிருந்து ரிக்ஷோவுக்கு இருபது சதம். புரொக்டர் வக்கீல் ஒருவரின் மனைவி கமிட்டியில் இருந்தார்; அவர் வீட்டுக் கேற்றுத் தூணில் அழகான தகரப் பெட்டி. கார்டைப் போட்டுவிட்டு, வந்த காரியம் முடிந்ததென்று ரிக்ஷோவைத் திருப்பச் சொன்னேன்.

"நில்லுங்கோ! ரிக்ஷோவை நிப்பாட்டுங்கோ!"

பின்னால் அந்த அம்மாவே வீதிக்கு வந்துவிட்டார், கையில் என் கார்டுடன்.

"வாசல் மட்டும் வந்திட்டு ஒரு வாய் தண்ணி குடியாமல் போறியளோ? என்ன கோவம்?"

"இல்லை, பெட்டி இருந்தது..."

"அது அவரிட்டை வாற துரைமாருக்கு. நீங்கள் என்ன துரையே?"

ரிக்ஷோக்காரர் சிரித்தார். நான் இறங்கினேன். இடியப்பம், சொதி, பிறகு வாழைப்பழம், பிறகு தேநீர். எந்த ஊர், ஆருடைய மகள், ஏன் கலியாணம் செய்யவில்லை, தம்பிமார் என்ன உத்தியோகம் என்று கேட்டார். தாவரவியலைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இது நேர்முகப் பரீட்சையா, விருந்தா? விடைபெறும்போதும் தெளியவில்லை. ஒன்று மட்டும் விளங்கியதாக நினைத்தேன்: தமிழர் வீட்டுக்குக் கார்டு கூடாது.

ஆகவே வெள்ளி மாலை கார்டுகளை விடுதியிலேயே விட்டுவிட்டு, கிராண்ட்பாஸ் டிராமில் ஏறி வழியில் இறங்கி, கொட்டாஞ்சேனைக்கு நடந்தேன். அங்கே இன்னொரு கமிட்டி அங்கத்தவரான டாக்டர் இருக்கிறார், அவரும் தமிழர்தான். கேற்றில் பெட்டி இல்லை. துணிவாக விறாந்தையில் ஏறினேன். வேலையாள் வெள்ளித் தட்டு ஒன்றை நீட்டினார்.

"கார்டு வைங்கம்மா."

"கொண்டு வரவில்லை."

"அப்ப ஐயா வீட்ல இல்லீங்க."

ஐயா ஆறடி தள்ளி, சாய்வு நாற்காலியில் பத்திரிகை விரித்திருந்தார். காலாட்டிக்கொண்டும் இருந்தார்.

"அவர்தானே அங்கே?"

"தெரியுதுங்க. ஆனா இல்லீங்க."

திரும்பி இரண்டு படி இறங்கினேன். மறுநாள் கமிட்டி. திங்கட்கிழமை தையல். நின்றேன். ஆள் இல்லையென்றால் வெட்கம் யாரிடம்?

"வீட்டில் இல்லாத டாக்டரிடம் சொல்லுங்கள்" என்றேன் வேலையாளிடம், தெருவுக்கும் கேட்கும்படி. "நான் பதினெட்டு வருடம் தாவரவியல் படிப்பித்தவள். என்னிடம் படித்த பிள்ளைகள் இருவர் இப்போது மருத்துவக் கல்லூரியில் இருக்கிறார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும். என்னை விட நன்றாகச் செய்யக்கூடியவர் வந்தால் அவருக்குக் கொடுக்கட்டும். வந்ததாக எனக்குத் தெரியவில்லை."

பத்திரிகை அசையவில்லை. கால் மட்டும் நின்றது.

"அவவிட்டச் சொல்லு," என்றது பத்திரிகை, "நாளைக் காலமை கார்டோட வரட்டும். அப்ப நான் வீட்ல இருப்பன்."

சனி காலை போனேன். தட்டில் கார்டை வைத்தேன். டாக்டர் எழுந்து வந்து, முன்பின் கண்டிராதவர்போலக் கைகொடுத்து, மழையைப் பற்றிக் கதைத்தார். அவ்வளவுதான்.

வேலை கிடைத்தது. வெள்ளவத்தை அம்மாவிடம் நன்றி சொல்லப் போனேன், "நான் என்ன செய்தனான்? டாக்டர்தான் விடாப்பிடியா நிண்டவர்" என்றார். டாக்டரோ, "அந்த அம்மா சொன்ன பிறகு நாங்க என்ன கதைக்கிறது?" என்றார். இருவரில் யார் உண்மை சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. இருவருமே பொய் சொல்லியிருக்கலாம்.

இப்படி வேலை தேடி வரும் பெண்களுக்கு என்னால் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கார்டு எப்போதும் பையில் இருக்கட்டும், ஆனால் முதலில் வீட்டைப் பார்த்துவிட்டு எடுங்கள். வெள்ளவத்தைக்குப் பசியோடு போங்கள். கொட்டாஞ்சேனையில் மாலை வெயில் முகத்தில் அடிக்கும், குடை நல்லது. காரியத்தை மட்டும் எங்கேயாவது ஓரிடத்தில் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். கேட்பவர் வீட்டில் இல்லாவிட்டாலும் பாதகமில்லை.