அரைப்படக்காரன்

வெட்டுவதற்கு முன்னால் கத்தரிக்கோலைச் சட்டையில் இரண்டு முறை துடைத்துக்கொள்வான் அருள்முருகன். தண்ணீர்க் கேன் தூக்கித் தூக்கி அந்தச் சட்டை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். துடைத்து ஒரு பயனும் இல்லை, ஆனாலும் துடைப்பான். பிறகு போட்டோவை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நடுவில் ஓடும் கறுப்புக் கோட்டின் மேலேயே கத்தரித்து, இடது பக்கத்து ஆளுக்கு இடது பாதியையும் வலது பக்கத்து ஆளுக்கு வலது பாதியையும் கொடுப்பான். "அவங்கவங்க பங்கு அவங்கவங்களுக்கு" என்பான்.

சொந்த ஊர் உடையார்பாளையம். அரியலூரில் வீடு வீடாகக் கேன் தண்ணீர் போடுகிறான். குட்டியானை வண்டி, தோளில் ஒரு துண்டு, சட்டைப் பையில் கேமரா. லப்பைக்குடிக்காட்டு ஹபீப் பாய் சார்ஜாவில் இருந்தபோது வாங்கியது அது. "எம் புள்ளைங்க சீந்தமாட்டேங்குதுங்க, நீயாச்சும் வச்சுக்க தம்பி" என்று தண்ணீர் போட வந்தவனிடம் கொடுத்துவிட்டார். பிலிமில் மற்றக் கேமராக்கள் ஒரு படம் எடுக்கும் இடத்தில் இது இரண்டு எடுக்கும். முப்பத்தாறு படச் சுருளில் எழுபத்திரண்டு. சென்னையில் கழுவி வரும்போது ஒரே தாளில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அதனால் ஊரில் அவனுக்கு அரைப்படக்காரன் என்று பெயர்.

நான் முழுப்படக்காரன். ஜெயங்கொண்டம் சாலையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். மூன்று கேமரா, ஒரு டிரோன், கல்யாண ஆல்பத்தை மெத்தை மாதிரி கனமாகத் தைத்துத் தருகிற ஆள் எல்லாம் என்னிடம் உண்டு. அருள்முருகனை நான் 'அவன்' என்று எழுதுவதற்கு அவன் வயது ஒரு காரணம். வயிற்றெரிச்சல் இன்னொரு காரணம்.

அவன் கேமராவில் குறை இல்லாமல் இல்லை. பெரிதாக்கினால் ரவை கொட்டியது மாதிரி படம் உடையும். வீட்டுக்குள் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தால் முகம் அடுப்புக்கரி. சுருள் சீக்கிரத்தில் தீராது. வளைகாப்பில் எடுத்த படம் கைக்கு வருவதற்குள் குழந்தை குப்புற விழுந்துவிடும். நான் எடுத்த படத்தை மாப்பிள்ளை தாலி கட்டிய கையோடு போனில் பார்த்துவிடுகிறார். ஆனால் அந்தத் தாமதத்தையும் ஜனங்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். "அருளு எடுத்திருக்கான், வரும்போது வரட்டும்" என்கிறார்கள். நான் ஒரு நாள் தாமதித்தால் ஸ்டூடியோ வாசலில் வந்து நிற்பவர்களும் இவர்கள்தான்.

முன்பெல்லாம் அவன் வெட்ட மாட்டான், ஜோடியாகவே கொடுத்துவிடுவான். உரக்கடை செல்லக்கண்ணு விவகாரத்தோடு கத்தரிக்கோல் வந்தது. கடை வாசலில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவரை எடுத்தவன், அடுத்ததாக ரோட்டில் போன எருமையை எடுத்துவிட்டான். தாள் வந்தபோது இருவரும் அக்கம்பக்கம். "ரெண்டு பேரும் ஒரே பக்கந்தான் பாக்குறீங்க" என்று அவர் மனைவி சொல்லிவிட்டார். செல்லக்கண்ணு அந்தக் கோடை முழுக்க வேறு ஆளிடம் தண்ணீர் வாங்கினார். அந்தச் செய்தி கேட்டு நான் டீக்கடையில் இன்னொரு வடை சாப்பிட்டேன்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. வரதராஜன்பேட்டை குருமூர்த்தி வாத்தியார் காலமானபோது அவர் மகன் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு என்னிடம் வந்தார். வாத்தியாரின் அறுபதாம் கல்யாணத்தை எடுத்தவன் நான். மாலையும் கழுத்துமாக நூற்றுக்கணக்கில் படம் கணினியில் கிடக்கிறது. மகனோ சட்டைப் பையிலிருந்து வெட்டிய அரைப்படம் ஒன்றை எடுத்தார். வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேன் மூடியைப் பல்லால் கடித்துத் திறக்கிறார்.

"இது பெருசு பண்ணா உடையும்ங்க" என்றேன்.

"அப்ப சின்னதாவே போடுங்க சார். இதுதான் எங்கப்பா."

பத்தடி பேனரில் உள்ளங்கை அளவு படம். சாவுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிட்டே போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்கள். நான் தூரத்தில் பைக்கில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது என் வீட்டில் நடந்தது. என் மனைவி வளர்மதி சிரித்தபடி ஒரு படம்கூட என்னிடம் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து எடுத்துப் பார்க்கிறேன். கேமராவைத் தூக்கினால் ரேஷன் கார்டுக்கு நிற்பவள் மாதிரி விறைத்துக்கொள்வாள். "கொஞ்சம் சிரியேன், உனக்கு முகமே போட்டோவுக்கு ஒத்துவரல" என்று ஒருமுறை சொல்லப்போய், "ஆடத் தெரியாதவ கூடம் கோணலுன்னாளாம்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தை மாதம் ஒரு நாள் என் டிரோன் கொல்லை முருங்கை மரத்தில் சிக்கிக்கொண்டது. அதை எடுக்க நான் போராடிக்கொண்டிருந்தபோது பின்னால் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. வாய்விட்டு, மூச்சு முட்டச் சிரிக்கிற சிரிப்பு. நான் மரத்திலிருந்து பிடியை விட்டுத் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. கொல்லைக் கதவருகே காலிக் கேனோடு அருள்முருகன் நின்றிருந்தான். கேமரா அவன் பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன சிரிப்பு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல" என்று உள்ளே போய்விட்டாள்.

அவன் என்ன சொன்னான், அவள் ஏன் சிரித்தாள்? எனக்குத் தராத சிரிப்பு அவன் பையில் ஒரு சுருளுக்குள் கிடக்கிறது. கேட்கவும் மானம் இடம் கொடுக்கவில்லை. சுருள் தீர்ந்தால்தானே வெளியே வரும்? தீர்க்க வைப்பது என்று முடிவு செய்தேன். பெரம்பலூரில் ஒரு கல்யாணத்துக்கு அவனைத் தண்ணீர் போட வரச்சொல்லி, "கண்டதையும் எடுடா, எல்லாமே அழகா இருக்கு" என்று தூண்டினேன். மூன்றே மூன்று எடுத்தான்.

"சும்மா அமுக்கக் கூடாதுண்ணே. பக்கத்துல இருக்குறதுக்கும் பொருந்தணும்ல."

"அதான் வெட்டிடுறியேடா."

"வெட்டுற வரைக்கும் ஒண்ணாத்தான இருக்கணும்" என்றபடி பாயசத்தைக் குடித்தான்.

பங்குனி போய், சித்திரையும் போனது. சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசியில் என் ஸ்டூடியோக் கண்ணாடி வெள்ளையானது. கேன் வைக்க வரும்போதெல்லாம் அவன் சட்டைப் பையைப் பார்ப்பேன். வளர்மதி அவனிடம் "மோர் குடிக்கிறியா" என்று கேட்டால் எனக்கும் தாகம் எடுத்துவிடும்.

போன வாரம் கேனோடு ஒரு உறையும் வந்தது. வளர்மதி கொல்லைக் கதவருகே கை துடைத்துக்கொண்டு நின்றாள். அவன் ஒரு தாளை உருவி, வலது பாதியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினான்.

இடது பாதியில் வளர்மதி. ஒரு கை வயிற்றில், ஒரு கை கதவில். வாய் திறந்து, கண் இடுங்கி, என் கேமராவுக்கு இத்தனை வருடம் காட்டாத சிங்கப்பல் முழுதாகத் தெரியச் சிரிக்கிறாள். படம் ரவை ரவையாகத்தான் இருந்தது. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அப்படி என்னடா சொன்ன அவகிட்ட?"

"நான் எங்கண்ணே சொன்னேன்" என்று கட்டைவிரலை எடுத்தான்.

வலது பாதியில் நான். கைலியைத் தொடைக்குமேல் மடித்துக் கட்டி, முக்காலியில் ஏறி, ஒரு கையால் முருங்கைக் கிளையைக் கட்டிப்பிடித்து, மறு கையில் ஒட்டடைக் கம்போடு டிரோனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். தலையெல்லாம் முருங்கை இலை. கறுப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வளர்மதி என்னைத்தான் பார்க்கிறாள்.

"அண்ணிக்கு மூச்சே வரலண்ணே அன்னைக்கு" என்றான்.

"என் பாதிய நீயே வச்சுக்க. அவளோடத மட்டும் வெட்டிக் குடு" என்று கையை நீட்டினேன்.

அருள்முருகன் கத்தரிக்கோலை எடுத்தான். ஈரச் சட்டையில் இரண்டு முறை துடைத்தான். தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். பிறகு கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நீட்டியிருந்த என் கையைத் தாண்டி, தாளை முழுசாக வளர்மதியிடம் கொடுத்தான்.