நிழல் விழுந்த படம்

கென்யாவின் கிசுமு ஏரிக்கரையில் படம் எடுத்துப் பிழைப்பவர்கள் பதினோரு பேர். பட்டப்பெயர் இருப்பது ஒக்வெனோ ஒருவருக்குத்தான். நிழல் ஒக்வெனோ. சாயங்கால வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நின்று எடுத்தால் எதிரில் இருப்பவர் முகம் பளிச்சென்று வரும். எடுப்பவருடைய நிழலும் நீண்டு போய் அவர்மேல் ஏறிக்கொள்ளும். இவருக்கு ஆறடிக்கு மேல் உயரம், கூடவே மடங்காத முழங்கால். குனிந்து எடுப்பது எப்படி? போதாக்குறைக்கு அந்தப் பக்கம் பின்னணியில் விழுவது ஏரி அல்ல, மீன் பொரிக்கும் கடைகள்.

வெயிலைப் பக்கவாட்டில் வைத்தும் எடுத்துப் பார்த்தார். பாதி முகம் வெளிச்சத்திலும் பாதி இருட்டிலும் வந்தது. "பாதி ஆளுக்குப் பாதிக் காசுதானே?" என்று ஒருவன் கேட்டதும் அதையும் விட்டார். கடைசியில் ஆட்களை ஏரிக்கு முதுகு காட்டி நிறுத்தினார். பின்னால் தகதகவென்று தண்ணீர், தலையைச் சுற்றிப் பொன் கோடு. முகம் மட்டும் கரி. ஜனங்களுக்கு அதுதான் பிடித்தது. என்ன ரசனையோ!

வெயிலைப் பார்த்து எடுத்தால் லென்சுக்குள் ஒளி புகுந்து படம் வெளிறிப்போகும். அதற்குத் தடுப்பாக, யாரோ வேண்டாமென்று விட்டுப்போன படத்தை அட்டையில் ஒட்டி, இடது கையால் லென்சுக்கு மேலே பிடித்துக்கொள்வார்.

போன ஜூலையில் ஒரு வியாழக்கிழமை அபோண்டி வந்தாள். இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை, கையில் கண்ணாடி போட்ட படம். அவள் புருஷன் ஓபுயா மீன்பிடிப் படகு கவிழ்ந்து போனவன். நான்காம் நாள்தான் உடல் கிடைத்தது. சனிக்கிழமை அடக்கம்.

"அண்ணே, இது நீங்க எடுத்ததுதான். கொஞ்சம் வெளுத்துக் குடுங்க. மொகம் தெரியணும்."

படத்தைப் பார்த்ததுமே ஒக்வெனோவுக்குத் தெரிந்துவிட்டது. "கருப்புல ஒண்ணுமே பதியலம்மா. இல்லாதத எங்கேருந்து எடுக்கட்டும்? வேற படம் கிடையாதா?"

"அடையாள அட்டை, போன் எல்லாம் அவரோட தண்ணிக்குள்ள போச்சு. பெட்டியத் தொறக்கக் கூடாதுன்னுட்டாங்கண்ணே. வர்ற சனம் எதப் பாத்து அழும்? இவ நாளைக்கு எதப் பாத்து அப்பான்னு சொல்லுவா?"

ஒக்வெனோவுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாளும் முகங்களை ஒளித்துவிட்டுப் பொன் கோட்டை விற்றிருக்கிறோமே என்று மனம் குத்தியது. பழைய படங்களையும் அவர் கேமராவில் சேர்த்து வைப்பதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கேமராவையும் அட்டையையும் பைக்குள் வைக்கப் போனார்.

"அண்ணே, கையில என்ன அது?"

அட்டையில் ஓபுயா சிரித்துக்கொண்டிருந்தான். ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது, முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், முதல் படத்தை முகத்தில் வெயில் விழத்தான் எடுத்திருந்தார். நிழல் மார்வரை ஏறுவதைப் பார்த்து ஓபுயா, "ஓமேரா, அண்ணே, என் பொண்டாட்டிக்கு முந்தி உன் நிழல் என்மேல ஏறிடுச்சே!" என்று சத்தம் போட்டுச் சிரித்தான். படம் கைக்கு வந்ததும், "ஏரிக்கு வந்துட்டு மீன் கடையோட நிக்கவா?" என்று திருப்பி நீட்டினான். அதற்குப் பிறகு எடுத்ததுதான் அந்தக் கரிப்படம். ஒதுக்கிய படம் அட்டையாகி, தினமும் அவர் கையில் வெயில் காய்ந்திருக்கிறது. ஒருநாளாவது அதைத் திருப்பிப் பார்த்தாரா மனுஷன்?

படத்தைப் பெரிதாக்கும் கடைக்கு இரண்டு பேருமாகப் போனார்கள். "நிழல வெட்டிருப்பா" என்றார் ஒக்வெனோ.

அபோண்டி தடுத்தாள். "இருக்கட்டும்ணே. அதப் பாத்துத்தான சிரிச்சாரு."

சனிக்கிழமை பெட்டிக்கு முன்னால் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஓபுயாவின் சித்தப்பா உற்றுப் பார்த்து, "இது யார் நிழல்?" என்றார். அபோண்டி கூட்டத்தின் கடைசியில் நின்ற நெட்டை மனிதரைக் காட்டினாள். எல்லோரும் திரும்பினார்கள். எங்கே ஒளிவது, அந்த உயரத்தை வைத்துக்கொண்டு?

அடக்கம் முடிந்ததும் படத்தை மண்மேட்டில் நிறுத்தினார்கள். அதுவரை அம்மாவின் தோளில் சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தை அதைப் பார்த்தது. எதிரில் ஒருவர் சிரித்தால் குழந்தைகள் என்ன செய்யுமோ அதையே செய்தது. கலகலவென்று சிரித்தது. அத்தனை அழுகைக்கு நடுவிலும் யாரும் அதை அதட்டவில்லை. ஒக்வெனோதான் நின்ற இடத்திலேயே விம்மி விம்மி அழுதார்.