ஒரே ஒரு ஆமென்

ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் ஒசெல்லா டிஸ்டேலின் குரல் கேட்காத பார் கிடையாது. மூன்று இசைத்தட்டுகள், சொந்தப் பேருந்து, பளபளக்கும் ஜிகினா உடை, பின்பாட்டுக்கு மூன்று பெண்கள் என்று ஓகோவென்று வாழ்ந்தவள். டெட்ராயிட் வரை போய், சும்மா உட்கார்ந்திருந்த கூட்டத்தை நாற்காலி மேல் ஏற்றி ஆடவிட்டவள். அப்பேர்ப்பட்டவளுக்குத் தங்கை வெர்னெல்லை நினைத்தாலே வயிறு எரியும்.

வெர்னெல்லுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஞாயிறானால் வெள்ளை அங்கியோடு சபையின் பாடகர் மேடையில் நிற்பாள். சுமாரான குரல்தான், உச்சத்துக்குப் போனால் கிறீச்சிடும். ஆனாலும் அவள் பாடி முடித்தால் சபையே எழுந்து "ஆமென்!" என்று முழங்கும். முன்பெஞ்சில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பாரில் பாடுவதெல்லாம் சபைக்குப் பேய்ப்பாட்டு; அதைப் பாடிய வாய்க்கு அந்த மேடையில் இடமில்லை என்பது சட்டம். ஊருக்கு வரும்போதெல்லாம் ஒசெல்லா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தங்கைக்குக் கிடைக்கும் ஆமெனைக் கேட்டுப் பொருமுவாள். அப்படி ஒன்று, ஒரே ஒன்று, அம்மாவின் சபையில் தனக்கும் கிடைக்காதா என்று ஏங்குவாள்.

அம்மா இறந்தாள். அடக்க ஆராதனையன்று ஒசெல்லா வாசலிலேயே சபையின் மூப்பர் பர்விஸைப் பிடித்துக்கொண்டாள்.

"மூப்பரே, இன்னைக்காவது நான் பாடுறேனே. எங்கம்மாதானே?"

"உங்கம்மா இல்லேன்னு யாரு சொன்னா? சனிக்கிழமை பார்ல பாட்டு, ஞாயித்துக்கிழமை சபையில பாட்டுன்னா எப்படிம்மா? வெர்னெல் பாடுறா. நீ உக்காந்து அழு."

"அவ பாடினா தானா அழுகை வரும்."

மூப்பர் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

அம்மாவுக்குப் பிடித்த பாட்டைத்தான் வெர்னெல் எடுத்தாள். இரண்டாம் அடியிலேயே அழுதுவிட்டாள். பெண்கள் விசிறியை வேகமாக வீசினார்கள். "நிதானமா பாடு, கண்ணு!" "ஏசப்பா, அவளுக்குத் துணையா நில்லுங்க!" வெர்னெல்லுக்குக் குரலே வரவில்லை.

நல்லா வேணும் என்றுதான் ஒசெல்லாவுக்கு முதலில் தோன்றியது. பிறகு சவப்பெட்டியைப் பார்த்தாள். அம்மாவின் பாட்டு பாதியில் நின்றிருந்தது.

கடைசி பெஞ்சிலிருந்தே அவள் அடுத்த வரியைப் பிடித்தாள். மூப்பர் தடுக்க எழுந்தார். இரண்டு வரி கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். பாடிக்கொண்டே அவள் முன்னால் நடந்துபோய், மேடையிலிருந்து இறங்கி வந்த தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசி வரியை இழுத்த இழுப்பில் விசிறிகள் நின்றுவிட்டன. சபையே எழுந்து ஆமென் சொல்ல வாயைத் திறந்தது.

அந்த நேரம் பார்த்து, இத்தனை வருட மேடைப் பழக்கம் வேலையைக் காட்டிவிட்டது. பாட்டு முடிந்ததும் பின்பாட்டுப் பெண்களைப் பேர் சொல்லிக் காட்டுவது அவள் வழக்கம். கை தானாகப் பக்கவாட்டில் நீண்டது.

"எல்லாரும் கைதட்டுங்க! என் பக்கத்துல, வெர்னெல் டிஸ்டேல்!"

"வெர்னெல்! ஆமென்! ஆமென்!" என்று கூரை அதிர்ந்தது. மூப்பர் பர்விஸ் தண்ணீர் கொண்டு ஓடிவந்தார். வெர்னெல்லுக்கு.

"அக்கா, இது உனக்கு வரவேண்டியது..."

"வாயை மூடு. தலையைக் குனிஞ்சு வாங்கிக்கோ. நான்தானே எடுத்துக் கொடுத்தேன்."

சொல்லும்போதே வயிறு பற்றி எரிந்தது. நீட்டிய கையை மட்டும் அவள் இறக்கவில்லை.