வேலியோரத்துக் கன்றும் புது வால்வும்

என் கணவருடைய இதயத்தின் பெருந்தமனி வால்வு இறுகிச் சுருங்கிவிட்டது என்று மதுரை மருத்துவர் சொன்னபோது அவருக்கு எழுபத்தெட்டு வயது. நத்தம் பக்கத்து எங்கள் மாந்தோப்பில் ஒரு வரிசையை நடந்து முடிப்பதற்குள் இரண்டு முறை உட்கார்ந்துவிடுவார். மாற்று வால்வு வைக்காவிட்டால் அதிக காலம் தாங்காது என்று மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்.

நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. தொடையின் இரத்தக் குழாய் வழியாகவே வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்தலாம். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பல ஆண்டுகள் பலருக்கும் வைத்துப் பார்த்த பழையது. மற்றது, அதன் குறைகளைத் திருத்திச் செய்த புதியது. மெல்லிய குழலில் போகும், ஓரத்தில் இரத்தம் கசியாதபடி வெளியே ஓர் உறையும் இருக்கும்.

நான் பள்ளியில் வேதியியல் கற்பித்தவள். நோட்டில் கோடு போட்டு, படித்ததையெல்லாம் இரண்டு பத்திகளில் எழுதினேன். 'எத்தனை ஆண்டு உழைக்கும்' என்ற வரியில் மட்டும் புதியதற்கு நேரே இடம் காலியாக இருந்தது. அவர் விரல் சரியாக அங்கே வந்து நின்றது.

"இதுல ஒண்ணும் எழுதலையே, டீச்சரு?"

"இன்னும் யாருக்கும் தெரியாதுங்க."

"அப்பப் பழசே போதும்."

அவர் வீட்டு வழக்கம் அது. புது ஒட்டுரகம் வந்தால் ஒரே ஒரு கன்றை வேலியோரம் நடுவார்கள். மூன்று காய்ப்பு பார்த்த பிறகுதான் தோப்புக்குள் அனுமதி. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்த நியாயத்தில் மூன்று வாரம் போயிற்று.

பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவர் படத்தைத் திருப்பிக் காட்டினார். "ஐயா, உங்க தொடைக் குழாய் ரொம்ப ஒடுக்கம். பழசு போற குழல் பெருசு. உள்ள போகையில கிழிச்சிடலாம். எனக்குப் பயமா இருக்கு."

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்று இவர் எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை தோப்புக்குப் போனோம். வேலியோரம் அவர் நட்ட கன்று இன்னும் காய்க்கத் தொடங்கவில்லை. அதைப் பார்க்க நடந்தவர் பாதியிலேயே வரப்பில் உட்கார்ந்தார். உதடு வெளுத்திருந்தது. மூச்சு சீராகும்வரை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"மூணு காய்ப்பு பார்க்கணும், சரி. பார்க்க ஆள் வேணும்ல?" என்றேன்.

"வாத்தியார் வேலையை இங்கயும் காட்டுறியா?"

"அந்தக் கன்னு சரியில்லைன்னா பிடுங்கிப் போட்டுட்டு வேற வைப்பீங்க. நீங்க போயிட்டா எனக்கு அப்படி வேற வைக்க ஏலாதுங்க."

வரப்பில் கையூன்றி எழுந்தார். "அந்த டாக்டரம்மாவுக்குப் போன் போடு" என்றார்.

புதியதையே வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து எக்கோ எடுத்த மருத்துவர், கசிவு இல்லை என்றார். எவ்வளவு காலம் ஓடும் என்று இவர் கேட்டதற்கு, உறுதியாகச் சொல்ல முடியாது, காலம் போகப் போகத்தான் தெரியும் என்றார்.

"சரிம்மா, நானே வந்து சொல்றேன்" என்றார் இவர்.

நோட்டில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. இந்த வருடம் வேலியோரத்துக் கன்று முதன்முறையாக நான்கு காய் விட்டது. இவர் எங்கும் உட்காராமல் கன்று வரை நடந்துபோய், பழுத்த ஒன்றைப் பறித்து வந்து நறுக்கித் தின்றார்.

"புளிப்புதான்" என்றார். "இன்னும் ரெண்டு காய்ப்பு பார்ப்போம்."